முத்து இல்லாத அம்மை

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் இருதயத்தில் ஓட்டை கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

போன வாரம் நம்ம மூன்றாம் வகுப்புப் படத்தை ஒருவன் குரூப்பில் போட்டான். பள்ளிக்கூடத்துச் சுவரோரம் பெஞ்சு போட்டு எடுத்த படம். ஓரத்தில் குத்தவைத்திருக்கும் என் தலையைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம். கீழே, ‘இது யாருன்னு தெரியுதா? நம்ம ஓட்டை!’ என்று எழுத்து. திருப்பூரிலிருந்து, சிவகாசியிலிருந்து, சவூதியிலிருந்து எல்லாரும் சிரித்திருந்தீர்கள். நானும் ஒரு சிரிப்பைப் போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். பேருக்கென்ன, வைத்தால் வைத்ததுதான்.

அதற்கப்புறம் உங்களில் இன்னொருவன் எழுதினான்: ‘இவன் அம்மா காப்பு கட்டுனப்ப எல்லை தாண்டிப் போச்சுல்ல, அதான் ஆத்தா இவன் நெஞ்சப் பிடிச்சுட்டா. எங்க வீட்டுல இன்னைக்கும் சொல்லுவாக.’

அதற்குத்தான் என்னால் சிரிக்க முடியவில்லை. உங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்லுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் இன்றைக்கு நான் சொல்கிறேன். வாய்ஸ் மெசேஜாகப் போட்டால் பாதியில் நிறுத்திவிடுவீர்கள். ஆகவே எழுதுகிறேன், முழுசாகப் படியுங்கள்.

எனக்கு அப்போது ஏழு வயது. இரண்டாம் வகுப்பு. பங்குனி. கொத்தமல்லிச் செடியைப் பிடுங்கி அடித்து முடித்த கரிசல், கால் விட்டால் கால் போகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. அப்பாவுக்குக் கரிமூட்டம் வேலை. கண்மாய்க்கரையில் சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, மேலே செத்தையைப் போட்டு, மண்ணால் மூடி, உள்ளே தீயை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே நாள்கணக்கில் காவல் இருப்பார். வீட்டுக்கு வந்தால் அவர் வருவதற்கு முன்னால் அவர் மீதுள்ள புகை வாடை வந்துவிடும்.

காய்ச்சல் ஒரு வியாழக்கிழமை வந்தது. பெரிய ஆஸ்பத்திரியெல்லாம் இல்லை, சுகாதார நிலையத்தில் ஒரு பாட்டில் மருந்து கொடுத்து, மூன்று நாளில் விடாவிட்டால் திரும்பக் கூட்டிவரச் சொன்னார்கள். சரியாகத்தான் சொன்னார்கள். நாங்கள்தான் போகவில்லை. நாலாம் நாள் ஊரில் காப்புக் கட்டிவிட்டார்கள்.

வெளியூரிலிருந்து வந்து கட்டிக்கொண்ட உங்கள் மனைவிமாருக்குப் படித்துக் காட்டினால் புரியட்டும் என்று சொல்கிறேன். நம்ம ஊரில் அம்மன் பொங்கலுக்குப் பதினைந்து நாள் முன்னால் காப்புக் கட்டுவார்கள். வீட்டுக்கு ஒரு ஆம்பளைக் கையில் மஞ்சள் நூல். அந்த ஒரு கையைக் கட்டினால் வீடே கட்டுப்பட்டது. பொங்கல் முடிகிறவரை அந்த வீட்டு ஆள் யாரும் எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது. டவுனில் கடையில் நிற்பவன்கூட லீவு போட்டுவிட்டு வந்து கிடப்பான்.

காப்புக் கட்டுகிறவர் என் பெரியப்பா. அப்பாவின் உடன்பிறந்த அண்ணன். தீச்சட்டி தூக்குகிறவரும் அவர்தான். காய்ச்சல் ஐந்தாம் நாள் என் நெஞ்சிலும் முதுகிலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்தது. கண் இரண்டும் சிவந்துவிட்டது. ஆனால் பீளை இல்லை. பெரியப்பா வந்தார், குனிந்தார், பார்த்தார். நிமிரும்போதே கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டுதான் நிமிர்ந்தார்.

“ஆத்தா வந்திருக்கா.”

அவ்வளவுதான். நிலைப்படியில் வேப்பிலை ஏறியது. வீட்டில் தாளிப்பு நின்றது. கறி கிடையாது, மீன் கிடையாது, அம்மா தலை சீவக் கூடாது, வெளியாள் உள்ளே வரக் கூடாது, மருந்து கூடவே கூடாது. ரோஸ் நிறத்தில் இருந்த அந்த மருந்துப் பாட்டில் கோழிக்கூட்டு மேலே போய்விட்டது. மாம்பழ வாசனை அடிக்கும் அதற்கு. நான் படுத்த இடத்திலிருந்து பார்த்தால் வெயிலில் அது மின்னும். அப்புறம் எறும்பு மொய்த்தது. அப்புறம் காணாமல் போனது.

அம்மாவுக்கு ஒரு சந்தேகம். அம்மை என்றால் முத்துப் போட வேண்டும். நீர் கோத்த முத்து, இல்லாவிட்டால் மணல் மாதிரியாவது. எனக்கு வெறும் சிவப்புத் தடிப்பு. அம்மா என் சட்டையைத் தூக்கி, திருப்பிப் போட்டு, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் தேடினாள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அம்மா பெரியப்பாவிடம் நேரே பேச மாட்டாள். என்னைப் பார்த்துச் சொல்லுவாள், அவருக்குக் கேட்கும். அவரும் அம்மாவிடம் நேரே பேச மாட்டார். ஒன்று என்னிடம் சொல்வார், இல்லாவிட்டால் கூரையிடம்.

“ஏன்டா, ஒனக்கு ஒரு முத்தைக்கூடக் காணோமேடா?” என்றாள் அம்மா என்னைப் பார்த்து.

“சில பேருக்கு உள்முத்துப் போடும்,” என்றார் பெரியப்பா கூரையைப் பார்த்து.

“உள்ள போட்டிருந்தா எப்பிடிடா கண்டுபிடிக்கிறது?”

“அதெல்லாம் கேக்கக் கூடாதுன்னு சொல்லுலே ஒங்கம்மாகிட்ட.”

நான் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. உதடு வெடித்து ரத்தம் கட்டியிருந்தது, வாய் திறந்தால் எரிந்தது. நாக்கு கோழிக்கொண்டைப் பூ மாதிரி சிவந்து, சொரசொரவென்று இருந்ததாக அம்மா பிற்பாடு சொல்வாள். கழுத்தில் ஒரு பக்கம் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி. கையும் காலும் பணியாரம் மாதிரி உப்பிக்கொண்டன. இப்போது நினைத்தால் பெரியப்பா சொன்னதில் பாதி சரி. உள்ளேதான் போட்டிருந்தது. ஆனால் போட்டது ஆத்தா இல்லை.

அவரை வில்லனாக எழுத எனக்கு வராது. அந்த நாளெல்லாம் செருப்பில்லாமல் நடந்தார். பாலவனத்தம் பக்கம் யாரோ பனையேறுகிறவரிடம் சொல்லிவைத்து முதல் நுங்கை எனக்குத்தான் வரவழைத்தார். கட்டை விரலால் நோண்டி என் வாயில் வைத்து, “முழுங்குலே, குளுமை உள்ள போகட்டும்,” என்பார். அவர் விரலின் உப்பும் நுங்கின் தண்ணீரும் சேர்ந்த ருசி எனக்கு இன்றைக்கும் தெரியும். அன்பில்லாதவர் தப்புப் பண்ணினால் அவரை எதிர்ப்பது லேசு. அன்போடு தப்புப் பண்ணுகிறவரை எதிர்க்கத்தான் தெம்பு வேண்டும். அந்தத் தெம்பு அம்மாவுக்கு வர இன்னும் சில நாள் ஆனது. அதை மறைக்க மாட்டேன். அம்மாவும் மறைக்க மாட்டாள்.

ஒன்பதாம் நாள், அம்மை இறங்க ஊற்றுகிற முதல் தண்ணீரை ஊற்றினார்கள். வெயிலில் வைத்த தண்ணீர், மஞ்சளும் வேப்பிலையும் மிதக்கும். ஊற்றும்போதே உடம்பு கொதித்தது. பதினோராம் நாள் என் விரல் நுனியில் நகத்துக்கு அடியிலிருந்து தோல் உரிய ஆரம்பித்தது. இழுத்தால் உறை மாதிரி வந்தது. வாசலோடு நின்று பார்த்த உங்கள் அம்மாமார் குலவை போட்டார்கள். “ஆத்தா எறங்கிட்டா! தோலு உரியுது பாரு.”

அம்மா என் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்: “எறங்குனவ ஏன் சூட்ட விட்டுட்டுப் போனா?”

அன்றைக்கு மத்தியானம் நான் தூங்கும்போது அம்மா என் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். விலா எலும்புக்கு நடுவில் ஓணான் தொண்டை மாதிரி அடித்துக்கொண்டிருந்ததாம். தூங்குகிற பிள்ளைக்கு ஏன் ஓடுகிற பிள்ளையின் நெஞ்சு? அந்த ஒரு கேள்விதான் அவளுக்கு. அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் இல்லை. ஆனால் கேள்வி சரியான கேள்வி. பின்னாடி மதுரையில் டாக்டரம்மாவும் அதையேதான் கேட்டார்கள், மிஷினை வைத்துக்கொண்டு.

மறுநாள் காலையில் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா பஸ்ஸுக்குக் கிளம்பினாள். ஏழு வயசுப் பயல், கால் அவள் முழங்காலைத் தட்டியது. எல்லைக் கல்லுக்கு மஞ்சள் பூசி, ரோட்டுக்குக் குறுக்கே வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். பஸ் நிற்கிற இடம் கல்லுக்கு அந்தப் பக்கம் பத்தடியில். கல்லுக்கு இந்தப் பக்கம் பெரியப்பா, ஈர வேட்டியோடு.

“ஏலே, ஒங்கம்மா எங்க போறா?” என்றார் என்னிடம்.

“டவுனு ஆஸ்பத்திரிக்குப் போறேன்,” என்றாள் அம்மா. அவரைப் பார்த்து. நேராக.

பெரியப்பாவுக்கு ஒரு நிமிஷம் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அங்கே கூரையும் இல்லை. மறுபடியும் என்னிடமே வந்தார். “இத்தன நாளு பொறுத்தவளுக்கு இன்னும் ஏழு நாளு பொறுக்க முடியலையாக்கும்? பொங்க வச்சுட்டுப் போகச் சொல்லுலே.”

“அவன் மொகத்தப் பாத்துப் பேசாதீக. என் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க. ஏழு நாள்ல பிள்ளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்லுவா?”

“ஆத்தா சொல்லுவா.”

“அவ சொல்லும்போது சொல்லட்டும். இப்ப பஸ்ஸு வருது.”

அம்மா தோரணத்துக்குக் கீழே குனிந்து போனாள். வேப்பிலை என் தலையில் உரசியதும் பின்னால் யாரோ பெண் ஒருத்தி ‘ஐயோ’ என்றதும் ஞாபகம் இருக்கிறது.

அந்தப் பக்கம் கண்டக்டர் ஏற்ற மாட்டேன் என்றார். அம்மா முடியில் இருந்த வேப்பிலையைப் பார்த்துவிட்டார். “அம்மை போட்ட பிள்ளைய பஸ்ஸுல ஏத்தக் கூடாதுத்தா. நாப்பது பேரு இருக்காக.”

அம்மா படியில் ஒரு காலை வைத்து, என் சட்டையை முழுசாகத் தூக்கிப் பஸ்ஸுக்கே காட்டினாள். “ஒரு முத்தக் காட்டுங்க. ஒண்ணே ஒண்ணு. எறங்கிக்கிறேன்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. டவுசர் வேறு இறங்கியிருந்தது. ஜன்னலோரம் இருந்த ஒரு கிழவனார் எட்டிப் பார்த்து, “முத்து இல்லப்பா, வெறும் தோலுதான் இருக்கு, ஏத்து,” என்றார். நாலு பேர் சிரித்தார்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார்.

அப்போதுதான் அப்பா ஓடி வந்தார். கண்மாய்ப் பக்கமிருந்து கரிக்கையோடு. யார் போய்ச் சொன்னார்கள் என்று தெரியாது. பெரியப்பா குறுக்கே கையை நீட்டினார். “ஏலே, கையில காப்பு இருக்குடா!”

அப்பா ஒரு தடவை கையைப் பார்த்தார். “இருக்கட்டும்ணே. அதோடயே வாரேன்,” என்று சொல்லிவிட்டுக் கல்லைத் தாண்டி, ஓடுகிற பஸ்ஸில் தொற்றிக்கொண்டார்.

அருப்புக்கோட்டையில் ஒரு டாக்டர் என் விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். காய்ச்சல் எத்தனை நாள் என்று கேட்டுச் சுவரில் இருந்த காலண்டரில் விரலை வைத்து எண்ணினார். எண்ணி முடித்ததும் வேறெதுவும் கேட்காமல் மதுரைக்குச் சீட்டு எழுதினார்.

மதுரையில் ஒரு டாக்டரம்மா. நெஞ்சில் குளிர்ச்சியாக ஏதோ களியைத் தடவி, சோப்பு மாதிரி ஒன்றை வைத்து அழுத்தி அழுத்தித் தேய்த்தார்கள். டிவியில் கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று திறந்து திறந்து மூடியது. என்னுடையது என்றார்கள். நான் நம்பவில்லை. அது அப்படியொரு வேகத்தில் எதையோ மென்றுகொண்டிருந்தது.

அம்மாவையும் அப்பாவையும் உட்காரவைத்து டாக்டரம்மா சொன்னதை அப்பா எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார்.

“இது அம்மை இல்ல. கவாசாகி நோய்னு பேரு. ஜப்பான்ல முதல்ல கண்டுபிடிச்சது.”

“பைக்குப் பேருல்ல அது?” என்றாராம் அப்பா.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டார்களாம். “சின்னப் பிள்ளைகளுக்கு வரும். ரத்தக்குழாய் சுவரெல்லாம் அழன்று வீங்கும். கண்ணு, உதடு, கை, கால் எல்லாம் செவக்கும். அது போயிரும். ஆனா இருதயத்துக்கே ரத்தம் குடுக்கிற சின்னக் குழாய் ரெண்டு இருக்கு. அதுல போய் உக்காந்துக்கும். ஒங்க பையனுக்கு ரெண்டு எடத்துல புடைச்சிருக்கு.”

“எம்புட்டுப் பெருசு?”

டாக்டரம்மா சுண்டு விரல் நகத்தில் கொஞ்சத்தைக் காட்டினார்கள். “மல்லி வெதை அளவுங்க?” என்று அம்மா கேட்டாள். “ஆமா. ஆனா அந்தக் குழாய் நியாயமா அதுல பாதிதான் இருக்கணும். புடைச்ச எடத்துல ரத்தம் தேங்கி உறைஞ்சிட்டா அடைச்சிரும். பெரியவங்களுக்கு வர்ற மாரடைப்பு, இவனுக்கு.”

அம்மா கேட்டாள்: “முன்னாடியே வந்திருந்தா?”

“பத்து நாளைக்குள்ள வந்து மருந்து ஏத்தியிருந்தா பெரும்பாலும் புடைச்சிருக்காது. எல்லாருக்கும்னு சொல்ல முடியாது. பெரும்பாலும்.”

இதைக் கவனித்துப் படியுங்கள். பத்து நாளைக்குள். நாங்கள் கல்லைத் தாண்டியது பன்னிரண்டாம் நாள். தாண்டியதால் வந்தது இல்லை என் நெஞ்சு வியாதி. தாண்டாமல் இருந்த நாள்களில் வந்தது.

அப்பாவுக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. தோல் உரிந்து, தடிப்பு மறைந்து, பார்க்க நன்றாகிவிட்ட பிள்ளைக்கு உள்ளே எப்படி? அவரே கேட்டாராம்: “மூட்டத்துல மேல பொகை நின்னுரும்மா. அவிஞ்சு போச்சுன்னு நெனச்சு மண்ணத் தட்டுனா, உள்ள கெடக்குற தீ குப்புன்னு ஏறிக்கிரும். அத்தனையும் சாம்பலு. இது அதானா?”

“அதேதான்,” என்றார்களாம் டாக்டரம்மா. “பக்கத்துலயே இருந்து பாக்கணும்.”

“அது எனக்குத் தெரிஞ்ச வேலைதான்,” என்றார் அப்பா.

கண்ணாடிப் பாட்டிலில் வந்த மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். அதற்கு வீட்டில் எதை விற்றோம் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். மறுநாள் காலையில் காய்ச்சல் இல்லை. நான் முறுக்குக் கேட்டேன். அம்மா ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து அழுதாள். அத்தனை நாளும் அழாதவள் முறுக்குக்கு அழுதாள்.

ஊருக்குத் திரும்பினால் தீர்ப்பு தயாராக இருந்தது. எல்லை தாண்டினாள், நெஞ்சைப் பிடித்தது. எவ்வளவு சுலபமாக முன்னையும் பின்னையும் மாற்றிப் போட்டுவிட்டார்கள் பாருங்கள். அந்த ஐப்பசியில் மழை இல்லை. அதற்கும் அம்மாதான். அதற்கு முந்தின ஐப்பசியிலும் மழை இல்லையே, அப்போது எவள் தாண்டினாள்? திருச்சுழி தாலுகாவில் மழை பெய்யாததற்கெல்லாம் என் நெஞ்சு பொறுப்பு என்றால் எனக்குக் கலெக்டர் ஆபீஸில் ஒரு நாற்காலி போட்டிருக்க வேண்டும்.

பெரியப்பா ஒரு வழி சொன்னார். கோயில் வாசலில் தகட்டில் அடித்த கை, கால், கண் விற்பார்கள் இல்லையா, அதை வாங்கிச் சாத்தி, அம்மா முழு ஊருக்கு முன்னால் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். கடையில் நெஞ்சு இல்லை. ஒரு முழு ஆள் உருவம் வாங்கி வந்து எங்கள் வீட்டில் வைத்தார். அம்மா அதை எடுத்துக்கொண்டு போய் ஆத்தா காலடியில் வைத்தாள். விழவில்லை. “எனக்கும் ஆத்தாவுக்கும் சண்டை ஒண்ணுமில்ல. தப்புப் பண்ணாத ஆளு எதுக்கு விழணும்?” என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள். அன்றையிலிருந்துதான் உங்கள் வீடுகளிலிருந்து எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் கேட்டு வருவதுகூட நின்றது.

நீங்கள் எனக்கு ஓட்டை என்று பேர் வைத்தீர்கள். கபடிக்குச் சேர்க்க மாட்டீர்கள். செருப்புக்குக் காவல் வைப்பீர்கள். “இவன் ஓடுனா பொட்டுன்னு போயிருவான்லே,” என்று வாத்தியாரே சொன்னார், நல்ல மனசோடுதான். தினமும் அரை மாத்திரை தின்றேன், ரத்தம் உறையாமல் இருக்க. அம்மா அதைப் பழைய பவுடர் டப்பாவில் வைத்திருப்பாள். மாத்திரையில் பவுடர் வாசனை அடிக்கும்.

ஆனால் டாக்டரம்மா என்ன சொன்னார்கள் தெரியுமா? ஆறு வாரம் கழித்துப் பார்த்துவிட்டு, “ஓடட்டும். மாத்திரை சாப்பிடுறதால அடிபடாமப் பாத்துக்கங்க. மூச்சு வாங்கினா உக்காரட்டும். பிள்ளையக் கட்டிப் போடாதீங்க,” என்றார்கள். ஆகவே நீங்கள் பள்ளிக்கூடத்து மைதானத்தில் கபடி ஆடியபோது நான் கண்மாய்க்குள் ஓடினேன். தண்ணீர் இல்லாத கண்மாய், காய்ந்த களிமண் பாளம் பாளமாக. அம்மா கரையில் நிற்பாள்.

“மூச்சு முட்டுதாடா?”

“இல்ல.”

“அப்ப இன்னொரு தடவ ஓடு.”

இது உங்களுக்கு யாருக்கும் தெரியாது. இருபது வருஷம் கழித்து இப்போது தெரிந்துகொள்ளுங்கள். அந்த வருஷம் உங்களில் பாதிப் பேரை நான் தோற்கடித்திருப்பேன்.

மறு வருஷப் பங்குனி. அந்த ஒரு வருஷ முடிவில் மறுபடியும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். புடைப்பு சுருங்கியிருக்கிறதா, உள்ளே எதுவும் உறைந்திருக்கிறதா, மாத்திரையை மாற்றுவதா என்று அன்றைக்குத்தான் முடிவு. ‘இந்தத் தேதியை விடாதீங்க’ என்று டாக்டரம்மா சீட்டில் அடிக்கோடு போட்டிருந்தார்கள். தேதி சரியாகக் காப்புக் கட்டி ஏழாம் நாள் விழுந்தது.

கோயில் வாசலில் ஊரே நின்றது. தாம்பாளத்தில் மஞ்சள் நூல். அப்பாவின் முறை வந்ததும் கையை நீட்டினார். பெரியப்பா நூலை எடுக்கவில்லை.

“போன வருசம் கட்டிட்டுத் தாண்டுன கை. இந்த வருசம் தாண்ட மாட்டேன்னு ஆத்தா முன்னால சொல்லு. கட்டுறேன்.”

“ஏழா நாளு மதுரைக்குப் போகணும்ணே.”

“அப்பக் கட்டல.”

அப்பா கையை இறக்கினார். அந்தக் கை இறங்கினதை நான் பார்த்தேன். பொம்பளைகள் பக்கமிருந்து அம்மா என்னை இழுத்துக்கொண்டு வந்தாள். தாம்பாளத்திலிருந்து ஒரு நூலை எடுத்தாள். நம்ம ஊரில் எந்தப் பொம்பளையும் அதைத் தொட்டதில்லை. என் கையில் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டாள். பெரியப்பாவைப் பார்க்கவில்லை, ஊரைப் பார்க்கவில்லை. உள்ளே பார்த்துச் சொன்னாள்:

“ஆத்தா, நல்லாப் பாத்துக்க. இந்தக் கையோடதான் ஏழா நாளு ஒன் கல்லத் தாண்டுவேன். வந்து ஒனக்குப் பொங்கலும் வப்பேன். கேக்கணும்னா என்னயக் கேளு.”

நீங்கள் எல்லாரும் அங்கே இருந்தீர்கள். நிஜார் போட்டுக்கொண்டு முன்வரிசையில். ஞாபகம் இருக்கிறதா, மறந்துவிட்டதா?

ஏழாம் நாள் காலையில் பஸ்ஸுக்குப் போனால் கல்லுக்கு இந்தப் பக்கம் பெரியப்பா. கிட்டே போனால் அவர் தோளில் ஒரு பிள்ளை தொங்குகிறது. பொங்கலுக்கு வந்திருந்த மகள் வயிற்றுப் பேரன், மூன்று வயசு. கண் சிவந்திருந்தது. உடம்பெல்லாம் தடிப்பு. மகள் பின்னால் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா என்னைப் பார்த்தார்.

“ஏலே, ஒங்கம்மாட்ட கேளு. அந்த டாக்டரம்மா இன்னைக்கு இருப்பாகளான்னு.”

அம்மா அவரைப் பார்க்கவில்லை. எல்லைக் கல்லைப் பார்த்துக்கொண்டு, “இருப்பாக. ஏறச் சொல்லுடா,” என்றாள்.

பெரியப்பா தோரணத்துக்குக் கீழே குனிந்தார். அவர் உயரத்துக்கு நிறையக் குனிய வேண்டியிருந்தது. கண்டக்டர் அதே ஆள். அம்மாவை அடையாளம் தெரிந்துகொண்டு, “என்னத்தா, இந்த வருசம் ரெண்டு உருப்படியா?” என்றார்.

என் நெஞ்சில் ஒரு புடைப்பு முழுசாகச் சுருங்கியிருந்தது. இன்னொன்று கொஞ்சம் நின்றது, நிற்கிறது. உறைவு இல்லை. மாத்திரை தொடரும், இன்றைக்கு வரை தொடர்கிறது. பெரியப்பாவின் பேரனுக்கு வந்தது மணல்வாரி, அதாவது தட்டம்மை. நிஜமான அம்மைதான். “ஒட்டிக்கிற அம்மை இது, இவனையும் பக்கத்துலயே உக்கார வச்சா கூட்டிட்டு வந்தீங்க?” என்று டாக்டரம்மா எங்களை ஒரு பிடி பிடித்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பெரியப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. “நான் ஆத்தான்னு சொன்னேன்ல? சொன்னேனா இல்லையா?” என்று பஸ்ஸுக்கே சொல்லிக்கொண்டு வந்தார்.

அம்மா முன் சீட்டிலிருந்து திரும்பினாள். நேராக அவர் முகத்தைப் பார்த்தாள். “சொன்னீக. போன வருசமும் இதத்தான் சொன்னீக.”

பெரியப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பந்தல்குடி ரோட்டில் காற்று சூடாக அடித்தது.

பெரியப்பா இன்றைக்கும் இருக்கிறார். காப்பும் அவர்தான் கட்டுகிறார். அம்மாவிடம் இன்றைக்கும் என் வழியாகத்தான் பேசுகிறார். அன்றைக்கு அவர் கல்லைத் தாண்டியதை மட்டும் எந்த வீட்டிலும் சொல்வதில்லை. அம்மா தாண்டியதை மட்டும் சொல்கிறீர்கள்.

இப்போது உங்களில் பாதிப் பேர் அப்பன்மார். உங்கள் பிள்ளைக்கு ஐந்து நாள் விடாத காய்ச்சல் வந்து, கண் சிவந்து, உதடு வெடித்து, கை கால் வீங்கி, யாராவது ஆத்தா என்று சொன்னால், முத்தைத் தேடுங்கள். முத்து இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, அன்றைக்கே பஸ் ஏறுங்கள். அம்மைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டால் பெரியப்பா மாதிரிச் சந்தோஷமாகத் திரும்பி வாருங்கள். காப்பு கட்டியிருந்தால் கட்டிய கையோடு போங்கள். ஒரு கல்லுதான் அது. நான் ஏழு வயதிலும் எட்டு வயதிலும் தாண்டியிருக்கிறேன்.

அந்தப் படத்தை மறுபடி திறங்கள். காப்புக் கட்டி எட்டாம் நாள் பள்ளிக்கூடத்தில் எடுத்தது, மதுரையிலிருந்து வந்த மறுநாள். சிவப்பு வட்டத்தைக் கொஞ்சம் கீழே இறக்கி, என் வலது கையைப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்பு வெள்ளை இல்லை, கலர்ப் படம்தான். மஞ்சள் நூல் நன்றாகவே தெரியும். அது அம்மா கட்டியது.